அழகு வண்டியின் அரை வரலாறு

அமெரிக்காவின் பெருஞ்சொகுசுக் கார்களுள் 'லிங்கன் கொன்டினென்டல்' ஒரு கலைப்படைப்பு என்று எழுதுவோர் உளர். அவர்கள் காட்டும் சான்றும் வலுவானதே. 1951இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை எட்டு மோட்டார் வாகனங்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது, 1941ஆம் ஆண்டின் கொன்டினென்டல் அவற்றுள் ஒன்றாக நின்றது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. அந்த அழகின் வரலாற்றில் எவரெவர் விடப்பட்டனர் என்பதே நமது கேள்வி.

அவர்கள் கூறும் கதை இது: போர்ட் கம்பனித் தலைவர் எட்செல் போர்ட், புளோரிடாவில் விடுமுறையைக் கழிக்கத் தமக்கென ஒரு வண்டி வேண்டினார், யூஜீன் கிரெகரி என்பார் அதனை வரைந்தார், 1939இல் அதைக் கண்ட செல்வந்த நண்பர்கள் ஆசைப்பட்டனர், கொன்டினென்டல் பிறந்தது. ஒரு தனவந்தரின் இரசனையும் ஒருவரின் பென்சிலும் சேர்ந்தாற் போதும், கார் பிறந்துவிடும் போலும்! தொடக்க காலத்து வண்டிகளின் தகடுகள் பெரிதும் கைச்சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டவை. அந்தச் சுத்தியலைப் பிடித்த கைகளுக்குப் பெயர் இல்லையா?

அக்கைகளின் வரலாறு வேறு ஏட்டில் இருக்கிறது. 1932 மார்ச் 7ஆம் திகதி, வேலையிழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் டியர்போர்ன் நகரிலிருந்த போர்ட் தொழிற்சாலையை நோக்கி நடந்தனர். வேலையும் மருத்துவ உதவியும் சங்கம் சேரும் உரிமையும் அவர்கள் கேட்டவை. பொலிசாரும் கம்பனியின் காவலரும் துப்பாக்கியால் விடை கூறினர். நால்வர் மாண்டனர். சில மாதங்களில் ஐந்தாமவரும் காயத்தால் இறந்தார். அவர் கறுப்பினத்தவர், ஆகவே தோழர் நால்வரும் துயின்ற கல்லறை நிலத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1937 மே 26ஆம் திகதி, அதே தொழிற்சாலை வாயிலில், துண்டுப்பிரசுரம் வழங்க வந்த வால்டர் ரூதரும் தோழர்களும் கம்பனியின் அடியாட்களால் அடித்து வீழ்த்தப்பட்டனர். 1941இல் வேலைநிறுத்தம் வெடித்த பின்னரே கம்பனி தொழிற்சங்கத்தை ஏற்றது.

'இவை கம்பனியின் வரலாறு. காரின் வரலாறல்ல' என்பர் சிலர். விடுமுறை இன்பம் காரின் வரலாறாகலாம், சிந்திய இரத்தம் ஆகாதோ? எட்செலின் புளோரிடாப் பயணத்துக்கும் ரூதர் அடிபட்டதற்கும் இடையே இரண்டாண்டுகூட இல்லை. விடுமுறைக்கும் அடியாட்களுக்கும் செலவழித்த பணம் ஒரே உழைப்பிலிருந்து வந்தது.

1955 ஒக்டோபரில் 'கொன்டினென்டல் மார்க் 2' பாரிசில் அறிமுகமாயிற்று. விலை ஏறத்தாழப் பத்தாயிரம் டொலர், விற்றவை மூவாயிரமளவு. அவ்வாண்டு டிசம்பரில், மொன்ட்கொமரி நகரின் பஸ் ஒன்றில், ரோசா பார்க்ஸ் என்ற தையற்தொழிலாளி வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்களைப் புறக்கணித்து, நடந்தும், இருந்த கார்களைப் பகிர்ந்தும் வேலைக்குச் சென்றனர். நிறவேற்றுமைச் சட்டம் வீழ்ந்தது.

1963 நவம்பர் 22ஆம் திகதி டலசில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் ஒரு கொன்டினென்டலிலேதான். அந்தக் காருக்குக் கவசம் பூட்டி, 1977வரை ஜனாதிபதிகள் ஏறிச் சென்றனர். அந்த வகைக் கார்களைச் செய்த விக்சம் தொழிற்சாலை 2007இல் மூடப்பட்டது. 2002இல் நின்று 2016இல் மீண்ட கொன்டினென்டல், 2020இல் முடிவுற்றது. காருக்கு இரங்கல் எழுதியோர் பலர். மூடிய தொழிற்சாலையின் தொழிலாளருக்கு எழுதியோர் எத்தனை பேர்?

கென்னடியின் கார் இன்று டியர்போர்னில், ஹென்றி போர்ட் பெயர் தாங்கிய நூதனசாலையில் நிற்கிறது. 2001இல் வாங்கப்பட்ட ரோசா பார்க்சின் பஸ்ஸும் அதே கூரையின்கீழ் நிற்கிறது. சில மைல் தொலைவில்தான் அந்த ஐவரும் சுடப்பட்டனர். ஒரு வண்டியில் அதிகாரம் பயணம் செய்தது. மற்றதில் ஒரு பெண் எழ மறுத்தாள். உலகை அசைத்தது எது என்று மாணவர் தாமே கண்டுகொள்வர். வரலாற்றின் மற்றப் பாதியையும் அவர்கள் கையில் கொடுப்பது ஆசிரியர் கடன்.