அரிசிக் கப்பல் வராத ஆண்டு

2024 செப்டம்பரில் அந்தமானில் எங்கள் ஊர் பெயர் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி பிளேரைத் துடைத்துவிட்டு, ஸ்ரீ விஜயபுரம் என்று ஒரு பழைய பேரரசை நினைவூட்டும் பெயரை எழுதினார்கள். டெய்ரி ஃபார்ம் பகுதி ஆட்டோக்காரர்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பி அடித்தது அதே ஸ்ரீவிஜயத்தைத்தான் என்பது இங்குள்ள தமிழர்களுக்குக் கூடுதல் வேடிக்கை. இருந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. வெள்ளைக்காரன் பெயர் போய் ராஜா பெயர் வந்தால் நமக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது.

அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே திருவிதாங்கூரைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது. குமரி மாவட்டத்து வேர் உள்ள வாசகர்கள் நமக்கு உண்டு. அவர்கள் வீட்டில் சித்திரைத் திருநாள் மகாராஜா இன்றும் 'பொன்னு தம்புரான்'தான். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். சுசீந்திரத்தில் தேரோடும் தெருவில்கூடக் கால்வைக்க முடியாதவர்கள் அதன் பிறகுதான் கோயிலுக்குள் போனார்கள். அதே மகாராஜாவின் நட்சத்திரப் பிறந்தநாளை ஒட்டி, 1946 அக்டோபர் 24இல், ஆலப்புழைப் பக்கம் புன்னப்பிராவில் கயிற்றுத் தொழிலாளிகளும் மீனவர்களும் கமுகு மரத்தைச் சீவிச் செய்த ஈட்டிகளோடு போலீஸ் முகாமை நோக்கி நடந்தார்கள். மூன்று நாள் கழித்து வயலாரில் பட்டாளம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத வழக்கு. நூற்றுக்கணக்கில் என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பத்தே ஆண்டில் இது எப்படி நடந்தது? பதிலின் ஒரு முனை நம் கடலில் இருக்கிறது. தென்னையும் மிளகும் ரப்பரும் விளைந்த திருவிதாங்கூர், சோற்றுக்குப் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. 23இல் ஜப்பான்காரன் இங்கே இறங்கினான். வங்காள விரிகுடா மூடிக்கொண்டது, அரிசிக் கப்பல் வரவில்லை. வயலார் இருக்கும் சேர்த்தலையில் கயிறு திரித்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். நம் தீவிலும் அதே பசி. 1945இல் சோறு போட வழியில்லை என்று ஜப்பானியர் நூற்றுக்கணக்கானோரைப் படகில் ஏற்றி ஹாவ்லாக் அருகே கடலில் தள்ளினார்கள். '1942க்கு முந்தியவர்' என்பது இங்கே சலுகைக்கான ஒரு வகுப்பாகவே ஆகிவிட்டது. அதே ஆண்டு கடலின் அந்தக் கரையில் என்ன செய்தது என்று நாம் கேட்டதில்லை.

ஆனால் பசி மட்டும் கலகமாகிவிடாது. பசித்தவர்கள் சத்தமில்லாமல் செத்துப்போனதுதான் அதிகம். சேர்த்தலையில் தொழிற்சங்கம் இருந்தது. 1938இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்திப் பழகிய சங்கம். நிலக்கிழாரான ஜன்மியின் தோப்பில் குடிசை போட்டு, அவன் 'இறங்கு' என்றால் இறங்க வேண்டியவர்களாக அதன் ஆட்கள் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, 1946 ஜனவரியில், திவான் சி.பி. ராமசாமி ஐயர் தன் 'அமெரிக்கன் மாடல்' அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஓட்டு உண்டு; ஆனால் ஓட்டு வாங்கி வந்தவர்கள் திவானை அசைக்க முடியாது. அமெரிக்கன் மாடலை அரபிக்கடலில் போடு என்று தொழிலாளிகள் கத்தினார்கள். கூலி, போனஸ் என்றால் பேசத் தயாராக இருந்த சி.பி., ஆட்சியைத் தொட்டதும் இராணுவச் சட்டம் போட்டார். தமிழர், மெத்தப் படித்தவர், கோயில் நுழைவில் மகாராஜாவின் வலக்கை. கோயில் வாசலைத் திறக்க முடிந்தவருக்குச் சட்டசபை வாசலை முழுதாகத் திறக்க மனம் வரவில்லை.

1947 ஜூலை 25இல் திருவனந்தபுரத்தில் இசைக் கழக விழா ஒன்றில் சி.பி.யை வெட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். தனி நாடு என்று முழங்கிய திருவிதாங்கூர் சில நாட்களில் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது, ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுப் போனார். பழியெல்லாம் திவானோடு ரயிலேறிவிட்டது. மகாராஜா 1949இலிருந்து 1956 வரை மாநிலத் தலைவரான ராஜப்பிரமுகராகக் கொலுவிருந்தார். பிரான்சில் போல இங்கே யார் தலையும் உருளவில்லை. அது நல்லதற்குத்தான் என்பது நம் கருத்து. ஆனால் கணக்கும் தீர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயலாரில் விழுந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1957இல் நம்பூதிரிபாட் மந்திரிசபை பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குடியிறக்கத்துக்குத் தடை போட்டது. 1970 ஜனவரி 1 முதல், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை. வயலாரிலிருந்து இருபத்துமூன்று வருஷம். பட்டா இல்லாத மண்ணில் தகரக் கூரை போட்டிருப்பவர்களுக்குப் பத்து சென்ட் என்றால் என்னவென்று இந்தத் தீவில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

தெற்கே திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களுக்கு வேறு கணக்கு. 1938இல் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கி, பொறுப்பாட்சி கேட்டுச் சிறை போனவர் பட்டம் தாணுப்பிள்ளை. 1954இல் அவர் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணியின் பின்னால் திரண்டவர்கள் மேல் ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவர் போலீஸ் சுட்டது. பதவி விலகுங்கள் என்று அவருடைய அப்போதைய கட்சிக்குள்ளிருந்தே லோகியா கேட்டார். பட்டம் விலகவில்லை.

எங்கள் தெருவில் விளவங்கோட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். துப்பாக்கிச் சூட்டின்போது சின்னப் பையன். "தம்புரான் போலீசு சுட்டான் பிள்ளே" என்றுதான் இன்றும் சொல்வார். "இல்லை தாத்தா, அப்போ ராஜா ஆட்சி போயாச்சு, அது பட்டத்தோட போலீஸ்" என்று ஒருநாள் திருத்தப் பார்த்தோம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "தொப்பி அதேதானே இருந்தது" என்றார். வீட்டுக்கு வந்து ஆண்டைச் சரிபார்த்தோம். 1954இல் ராஜப்பிரமுகர் அதே தம்புரான்தான்.