பல முகமும் ஒரு முகமும்



சென்ற தலைமுறையின் ஹாலிவுட் கதாநாயகர்களுள் பலவகைப் பாத்திரங்களை ஏற்று நடிக்கும் ஆற்றல் எவரிடம் மிகுந்திருந்தது? நல்ல திரைப்படங்களை விரும்புவோரிடையே இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. குருத்துவப் பணியில் இருக்கும் நமக்கு எளிதானதோர் அளவுகோல் உண்டு. குருவானவரின் அங்கி அணிந்து திரையில் தோன்றிய மூவரை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாமவர் பிங் கிராஸ்பி. 'கோயிங் மை வே' (1944) படத்தில், முதிய பங்குக் குருவுக்கு உதவ வரும் இளங்குருவாக நடித்து ஆஸ்கார் விருது பெற்றார். பாட்டும் புன்சிரிப்புமாக அவர் உலவுவது நெஞ்சுக்கு இதமானதே. ஆயினும் அங்கிக்குள் இருப்பவர் பாடகர் கிராஸ்பிதான் என்பதை நாம் மறப்பதில்லை. 'தி கன்ட்ரி கேர்ள்' (1954) படத்தில் குடியால் நலிந்த கலைஞராக வந்தபோதுதான் அவருள் இருந்த ஆழம் புலப்பட்டது.

இரண்டாமவர் கிரெகரி பெக். 'தி கீஸ் ஆஃப் த கிங்டம்' (1944) படத்தில், சீனாவில் மறைப்பணியாற்றும் குருவின் இளமையையும் முதுமையையும் முப்பது வயது நிரம்புமுன்பே நடித்துக் காட்டினார். 1978-இல் நாஜி மருத்துவர் மெங்கலேயாக நடித்தார். 1983-இல், ரோமையில் நாஜிகளிடமிருந்து பலரைக் காத்த குரு ஓ'ஃபிளாகர்ட்டியாக நடித்தார். நேர்மையாளராக வரும்போது மலைபோல் நிற்கும் அவர், கொடியவராக வரும்போது நடிப்பது வெளியே தெரிந்துவிடுகிறது.

மூன்றாமவர் ஸ்பென்சர் டிரேசி. 1937-இல் போர்த்துக்கீச மீனவர். 1938-இல் 'பாய்ஸ் டவுன்' படத்தில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் அமைத்த ஃபிளானகன் அடிகளார். இரண்டுக்கும் அடுத்தடுத்து ஆஸ்கார் பெற்றார். 1941-இல் ஜெக்கில், ஹைடு என இருவேறு மனிதரானார். 1961-இல் நியூரம்பெர்க் நீதிபதியானார். பிறர் பேசுகையில் அவர் செவிமடுக்கும் விதமே பெரும் நடிப்பு. மூவருள் முதலிடம் இவருக்கே என்போம்.

ஆனால் ஃபிளானகன் அடிகளாரை இவ்வளவு உண்மையாய் நமக்குக் காட்டிய அந்தக் கத்தோலிக்கர், தம் வாழ்வில் மதுவோடு போராடினார். மனைவியைப் பிரிந்தே நெடுங்காலம் வாழ்ந்தார். அவரைத் தீர்ப்பிடுவது நம் பணியன்று. அவர் கதை நம்மையே நோக்கித் திரும்புகிறது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

நம் ஆண்டவர் பரிசேயரைச் சாடிய 'வெளிவேடக்காரர்' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல், மேடை நடிகரைக் குறிப்பதாகும். மேடையில் நடிப்பது குற்றமன்று; மேடையை விட்டு இறங்கிய பின்னும் நடிப்பதே குற்றம். நடிகருக்குப் பல முகம் பெருமை. நமக்கோ ஒரே முகம் இருப்பதே பெருமை.

நாள்தோறும் திருவுடை அணிந்து பீடத்தில் நிற்கும் நாம், அதைக் களைந்த பின் கதவைத் தட்டும் ஏழையிடம் எந்த முகத்தைக் காட்டுகிறோம்? ஊருக்குத்தான் உபதேசமோ? இக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்கிறோம். குடும்பத் தலைவர்களே, ஆலய வாசலில் அனைவருக்கும் காட்டும் மலர்ந்த முகம், வீட்டு வாசலைத் தாண்டியதும் கடுகடுப்பாக மாறுகிறதா? இந்த நடிப்புக்கு எவரும் விருது தருவதில்லை. மனைவியும் மக்களும் மௌனமாய் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.