வாசலுக்கு வரும் போத்தல்

உப்புவெளி ஒழுங்கை ஒன்றில் மாலையில் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே போன் எடுக்கிறான். படலையைத் திறந்துகொண்டு பாடசாலைச் சட்டையோடு ஒரு பிள்ளை ஓடி வருகிறது. காசு முன்பே கட்டியாயிற்று, பார்சல் கைமாறுகிறது. கொத்துரொட்டி என்றால் சரி. அந்தப் பையில் ஒரு வைன் போத்தல் இருந்தால்?

2021 ஜூனில், பயணக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இணையவழி மதுவிற்பனைக்கு வழிவிடும் யோசனை கொழும்பில் எழுந்தது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அது நின்றது. நின்றது நல்லது. ஆனால் மறுபடி ஒருநாள் அது வரும். வரும்போது நம் சட்டம் என்ன சொல்லும்?

மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டினது. கடையும் தவறணையும் மட்டுமே இருந்த காலத்தில் எழுதப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்கிறது. கடையில் முகத்தைப் பார்த்து அடையாள அட்டை கேட்க ஓர் ஆள் நிற்கிறார். படலையில் யார் கேட்பது? தவறினால் குற்றவாளி பொடியனா, அனுப்பிய கடையா? இதற்குப் பாராளுமன்றம் விடை எழுதும்வரை ஒரு போத்தல்கூட வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு. ஒரு சுற்றறிக்கையால் திறந்துவிடும் காரியம் அல்ல இது.

உல்லாசப் பயணிகளைக் காரணம் காட்டுவார்கள். நிலாவெளி விடுதிகளில் தங்குபவர்கள் அங்கேயே வாங்கிக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு இது தேவையில்லை. தேவையில்லாமல் அடிபடப்போவது கரையோர வீடுகள். கடை இரவில் பூட்டும், போயாவில் திறக்காது, எழும்பி நடந்து போக வேண்டும். கரைவலைக் கூலி குறையாமல் வீடு வந்துசேர இந்தச் சின்னத் தடைகள் எவ்வளவு உதவுகின்றன என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகனும் நியூயோர்க்கும் தம் மாநில வைன் உற்பத்தியாளரை வீடுகளுக்கு நேரே அனுப்பவிட்டு, வெளிமாநிலத்தவரைத் தடுத்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. இங்கே பாகுபாடு தலைகீழாக வரும். இறக்குமதி வைன் சூப்பர் மார்க்கெட் வண்டியில் ஊர் சுற்றும். சீவல் தொழிலாளி விடியற்காலை இறக்கிய கள்ளோ முட்டியில் நுரைத்து, பொழுது ஏற ஏறப் புளித்து, தவறணையிலேயே ஆளைப் பார்த்திருக்கும். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடைக்காத சலுகை பெரிய கடைகளுக்கும் கிடைக்கக் கூடாது.

திருகோணமலை மாவட்டம் தெரிந்தெடுத்த 4 உறுப்பினர்களும் நிதியமைச்சிடம் இப்போதே எழுத்தில் கேட்கட்டும்: படலையில் அடையாள அட்டையைப் பார்க்கும் கடமை யாருடையது, பார்க்காமல் கொடுத்தால் கடையின் உரிமம் பறிபோகுமா?