காட்டின் காவலர் யாவர்?

சிவகாசியின் வெடித்தொழிலாளர் கோடை வெயிலை அஞ்சுகின்றனர். வெப்பம் ஏற ஏற மருந்தறையில் உயிர்க்கு உறுதி குறைகின்றது. வறண்ட வானிலையையே முதலாகக் கொண்டு வெடியும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் இக்கரிசல் நிலத்துக்கு, மேற்கே நிற்கும் மலைக்காடே நீர்த்தாய். அதன் ஓடைகளே வைப்பாறாகிச் சாத்தூர்க்கு வருகின்றன. உலகைச் சுடும் கரிவளியை மரத்திலும் மண்ணிலும் அடக்கி வைப்பதும் அக்காடே.

1988-இல் திருவில்லிபுத்தூர்க் காட்டில் நரை அணிலுக்குக் காப்பிடம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையொடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. நன்று. ஆனால், வழிவழியாக அங்கு வாழும் பளியர்க்கு?

கிழங்கை அகழ்ந்தபின் கொடித்தலையை மீண்டும் புதைக்காவிடில் அடுத்த ஆண்டு கிழங்கில்லை. இதனைப் பளியர் எந்த அலுவலகத்திலும் கற்றிலர்! 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், தேனும் கிழங்கும் திரட்டும் உரிமையோடு, காட்டைக் காக்கும் உரிமையையும் இத்தகையோர்க்கு ஒப்புகின்றது. தமிழ்நாட்டிலோ, தன் இசைவின்றிச் சான்று வழங்கலாகாதென உயர்முறைமன்றம் 2008-இல் இட்ட தடை 2016-இல்தான் நீங்கியது. எட்டாண்டுகள் வீணே கழிந்தன! தடை நீங்கிய பின்னும் ஆமைநடையே.

புலியைக் காப்பதாகச் சொல்லிப் பளியரைக் காட்டுக்கு அயலாராக்குவோர், தீ மூண்டால் முதலில் அறிவோரையே இழக்கின்றனர்.

செண்பகத்தோப்பிலும் இராசபாளையம் அய்யனார்கோயிலிலும் ஊரவையைக் கூட்டுக. பளியர் பயன்கொண்ட காட்டின் எல்லையை அவர் வாய்ச்சொல் கேட்டே வரைக. சான்றினைத் தமிழிலேயே எழுதி அவர் கையில் தருக.