சல்லடையின் கண்

போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பதைத் தேனி மாவட்ட மாணவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சல்லடையின் கண் பெரிதானால் நல்ல காயும் கீழே விழும். மிகச் சிறிதானால் காயோடு குப்பையும் தங்கும். நோய்ச் சோதனைகளுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரோஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. அது பி.எஸ்.ஏ. என்ற புரதத்தைச் சுரக்கிறது. இப்புரதத்திற்கான மரபணு மற்ற உறுப்புகளின் உயிரணுக்களிலும் உண்டு. ஆயினும், பெரும்பாலும் புரோஸ்டேட் உயிரணுக்களே அதைத் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கின்றன. ஆகவே, இரத்தத்தில் அந்த ஆர்.என்.ஏ. தென்பட்டால், சுரப்பியிலிருந்து பெயர்ந்த உயிரணு அங்கே உலவுகிறது என்று ஊகிக்கலாம். புற்றுநோய் உடலெங்கும் பரவும் வழிகளுள் இரத்தமும் ஒன்றல்லவா?

1992ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வாறே அவ்வுயிரணுக்களைக் கண்டறிந்தனர். அவர்கள் கையாண்டது ஆர்.டி.பி.சி.ஆர். முறை. 2020இல் கொரோனாவைக் கண்டறியத் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்ததும் இதே வகைச் சோதனைதான். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவார்கள். 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகும்!

சிக்கலும் இங்கேதான் எழுகிறது. சாதாரண இரத்த உயிரணுக்களும் சில வேளைகளில் அந்த ஆர்.என்.ஏ.வை மிகச் சிறிதளவில் உண்டாக்குகின்றன. நுண்ணிய சல்லடையில் அதுவும் சிக்கிக்கொள்கிறது. எனவே, நோயை முதன்முதலில் கண்டறியும் பொதுச் சோதனையாக இம்முறை நிலைபெறவில்லை.

சிறு தவறுதானே என்று எண்ணாதீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் ஆண்கள் 1000 பேர். அவர்களில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற 100 பேரில் 5 பேரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. அப்படியானால் நோயற்றவர்களில் ஏறக்குறைய 50 பேர் அகப்படுவர். "நோய் உண்டு" எனப்பட்ட 59 பேரில் உண்மை நோயாளிகள் 9 பேர்தாம்! மற்ற 50 குடும்பங்களின் கலக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

இயற்பியல் ஆய்வகத்தில் கருவியின் மீச்சிற்றளவைக் கற்பிக்கிறோம். அது எத்தனை முறை பொய்யான அளவைக் காட்டும் என்பதையும் கற்பிக்க வேண்டும். "ஒரு துளி இரத்தம் போதும்" என்ற விளம்பரத்தைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நோயாளிகளில் எத்தனை பேரை இது தவறவிடும்? நோயற்றவர்களில் எத்தனை பேரை நோயாளி என்னும்?

இன்னொன்று. உங்கள் தாத்தா சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். முதுமையில் இச்சுரப்பி வீங்குவது சாதாரணம். அது பெரும்பாலும் புற்றுநோய் அன்று. ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். புதிய சோதனைகள் வரட்டும் என்று காத்திராமல், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.