வேலிக்குள் அடங்காத மஞ்சள் மரம்

ஒரு மரம் தன் சொந்த நாட்டிலேயே அந்நியனாக முடியுமா? முடியும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் கூட்டமுண்ட்ரா வொட்டில் நல்லதோர் உதாரணம்.

நம்மூர்க் கருவேலுக்கு உறவான இந்த அக்கேசியா மரத்தின் தாயகம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூட்டமுண்ட்ரா, டெமோரா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிறு பிரதேசமே. கிறிக்கெட் வீரர் டொன் பிரட்மன் 1908இல் பிறந்ததும் கூட்டமுண்ட்ராவில்தான். பிரட்மனைப் போலவே மரமும் பிறந்த ஊரைத் தாண்டிப் புகழ் பெற்றது.

புகழுக்குக் காரணம் உண்டு. இலை உதிர்க்காத மரம். நீலமும் வெள்ளியும் கலந்த இறகு போன்ற இலைகள். குளிர்காலம் முடியுமுன்பே கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூக்கள். வளமற்ற மண்ணிலும் விரைந்து வளரும். வேர் முடிச்சுகளில் வாழும் பக்ரீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துகின்றன. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். விதையைச் சுடுநீரில் ஊறவைத்து முளைக்க வைப்பார்கள். வேரைக் கிளறி இடம்மாற்றுவதை அது விரும்பாது. ஆதலால் சிறு கன்றாகவே நடவேண்டும். பூத்து முடிந்தவுடன் கத்தரிப்பது நலம்.

சிக்கல் விதையில் தொடங்குகிறது. கடினமான தோலுடைய அவ்விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, காட்டுத்தீக்குப் பின் கூட்டமாக முளைக்கின்றன. மரத்தின் ஆயுளோ குறுகியது. நட்ட மரம் பட்டுப்போன பின்னும் அதன் விதைகள் காத்திருக்கும். விக்ரோரியா, தென் அவுஸ்திரேலியா போன்ற மாநிலங்களின் புதர்க்காடுகளில் இது களையாகிவிட்டது. வேறு அக்கேசியா இனங்களுடன் கலந்து கலப்பினங்களையும் தோற்றுவிக்கிறது. கடல் கடந்து தென்னாபிரிக்காவிலும் இதே கதைதான்.

"நமது நாட்டு மரம்தானே, நட்டால் என்ன?" என்று கேட்போருக்கு என் பதில் இதுதான்: மண்ணுக்கு மாநில எல்லையோ தேசிய எல்லையோ தெரியாது. சுதேசி என்பது நாட்டைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது.

இலங்கையர்களாகிய நமக்கும் இது புதிய பாடமன்று. வறண்ட நிலத்துக்குப் பயன்படுமென்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், அம்பாந்தோட்டையில் பரவிப் புந்தல தேசியப் பூங்காவையும் ஆக்கிரமித்ததை அறிவோம். நட்டவர்களின் நோக்கம் நல்லதே. விளைவை அனுபவிப்பது வேறு உயிர்கள்.

ஒரு தோட்டத்து ஒற்றை மரத்தால் காடு அழிந்துவிடுமா என்றும் கேட்கலாம். காட்டில் பரவிய மரங்களின் மூலத்தைத் தேடினால், அங்கும் யாரோ ஆசையுடன் நட்ட மரங்களே தென்படும். தோட்டம் நமக்குச் சொந்தம். எறும்பும் பறவையும் சுமந்து செல்லும் விதை நமக்குச் சொந்தமன்று.

அவுஸ்திரேலியாவில் வீடு வாங்கித் தோட்டம் போடும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் பூதான் வேண்டுமெனில், உங்கள் பகுதிக்கே உரிய வொட்டில் எதுவென்று உள்ளூராட்சி மன்றத்திலோ நாற்றுப்பண்ணையிலோ விசாரியுங்கள். அந்நாட்டில் அக்கேசியா இனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கூட்டமுண்ட்ரா மரம் ஏற்கனவே நிற்குமாயின், காய்கள் முற்றுமுன் வெட்டி அகற்றுங்கள். அருகே காடு இருப்பின் மரத்தையே அகற்றுவது நல்லது. அழகை இழக்க வேண்டியதில்லை. இடமறிந்து நட்டால் போதும்.