வண்டித் தொட்டிக்கு ஒரு பாய் போதும்

பிக்கப் வண்டியோட பின் தொட்டி கீறல் விழுந்து கெட்டுப் போறதில்லைங்க. ஈரத்துலதான் கெடுது. இந்த ஒரு விஷயம் புரியாமத்தான் ஊர்ல பாதிப்பேர் காசைக் கொண்டுபோய் பட்டறையிலும் கடையிலும் கொட்டிட்டு வர்றாங்க. புரிஞ்ச கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தா அவர் பொருள் விக்காது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல கொஞ்சம் விளக்கிடறேன். நான் சொல்றது பளபளன்னு நாலு கதவோட வர்ற ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி வண்டி இல்லை. குட்டி யானை, பொலிரோ பிக்கப், தோஸ்த் மாதிரி வண்டி. காலையில தக்காளி, மத்தியானம் உர மூட்டை, சாயங்காலம் சாணி எரு, இடையில யாராவது கூப்பிட்டா சினை மாடு. எங்க பக்கம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முன்னாடி விடிகாலையில நின்னு பாத்தீங்கன்னா நூத்துக்கணக்குல நிக்கும். அதுல ஒவ்வொரு வண்டியோட தொட்டியையும் எட்டிப் பாருங்க. அடியில என்ன விரிச்சிருக்காங்கன்னு பாத்தாலே அந்த ஆள் கணக்குப் பாக்குறவரா, மத்தவங்களுக்குக் காட்டுறதுக்காக வண்டி வச்சிருக்கிறவரான்னு தெரிஞ்சிரும்.

எங்க அக்கா மகன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். நல்ல பையன். போன மாசம் ஒரு வீடியோ அனுப்பினான். "மாமா, இந்த மாதிரி அடிச்சுக்குங்க, ஆயுசுக்கும் துருப் பிடிக்காது." வெளிநாட்டுல ஒருத்தர் முகமூடி போட்டுக்கிட்டு தொட்டி பூரா கறுப்பா எதையோ பீச்சி அடிக்கிறார். காய்ஞ்ச பிறகு சுத்தியலால அடிச்சுக் காட்டுறார். பாலியூரியா பூச்சு. பொருள் நல்ல பொருள்தான், அதுல எனக்குச் சண்டை இல்லை. தகட்டோட ஒட்டிப் பிடிச்சுக்கிறதால அடியில தண்ணி போக வழி இல்லை. ஆனா அது ஒழுங்கா ஒட்டணும்னா பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை இல்லாமத் துடைச்சு, துருவைச் சுத்தமா எடுத்து, அதுக்கப்புறம் அடிக்கணும். விசாரிச்சதுல எனக்குச் சொன்ன விலை 28,000. ரெண்டு நாள் வண்டி நிக்கணும். பறிப்புக் காலத்துல ரெண்டு நாள் வண்டி நின்னா அதுக்கு வேற வண்டி வாடகை யார் குடுக்கிறது?

வீடியோவுல வர்ற வண்டி வேற, எங்க வண்டி வேற. அங்க அந்தத் தொட்டியில சைக்கிளும் கூடாரமும் போகுது. இங்க பொட்டாஷ் போகுது.

பொட்டாஷ்னு சொன்னதும் ஞாபகம் வருது. துருவுக்கு முதல் எதிரி அதுதாங்க. பொட்டாஷ் உரம்ங்கிறது குளோரைடு உப்பு. சாப்பாட்டு உப்பு தகட்டை என்ன பண்ணுமோ அதையேதான் அதுவும் பண்ணும். மூட்டை ஓரத்துல சிந்துற ஒரு கைப்பிடி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டு இடுக்குல போய் உக்காந்துக்கும். மாட்டு மூத்திரமும் அப்பிடித்தான். அந்த உப்புத் தண்ணி எங்க தேங்குதோ அங்க தகடு பொத்தல் விழும். தொட்டியோட நடுவுல, பெட்டி இழுத்து இழுத்து வெள்ளை வெளேர்னு தேய்ஞ்ச இடத்துல பொத்தல் விழுந்து நான் அதிகம் பாத்ததில்லை. ஓரத்துல, மடிப்புல, பின் கதவு கீல் பக்கத்துல, எதையாவது போட்டு மூடி வச்ச இடத்துலதான் விழும்.

அப்போ லைனர் வாங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு கெட்டி" இல்லை. "கழட்டி எடுத்துக் கழுவ முடியுமா?" அது ஒண்ணுதான்.

இப்போ எங்க ஊர் ஆளுங்க பண்றதுக்கு வர்றேன். புது வண்டி எடுத்தவுடனே நேரா பாடி பட்டறைக்கு விடுவாங்க. 3 மி.மீ. செக்கர் பிளேட், வெல்டிங் வச்சு நாலு பக்கமும் அடிச்சு, மேல பெயிண்ட். பாக்க கோட்டை மாதிரி இருக்கும். கம்பெனியில இருந்து வர்ற தரைத் தகடு வரி வரியா மேடு பள்ளமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. தகட்டுக்குப் பலம், தண்ணி ஓட வழி. அது மேல சமமா ஒரு தகட்டை வச்சு அடிச்சா அத்தனை பள்ளமும் மூடின சாக்கடை ஆயிருது. மழைத் தண்ணி, மண்ணு, உரத்தூள் எல்லாம் உள்ள போகும், வெளிய வராது. வெல்டிங் வச்ச இடத்துல பெயிண்ட் ஏற்கனவே கருகிப் போயிருக்கும். நாலஞ்சு வருசம் கழிச்சு மேல் தகடு ஜம்முனு இருக்கும், கீழ இருக்கிற அசல் தகடு முறுக்கு மாதிரி நொறுங்கும். வண்டியைக் காப்பாத்தப் போட்டது வண்டியைத் தின்னுட்டு அது மட்டும் நல்லா இருக்குது!

கனத்தையும் பாருங்க. தொட்டி 8 அடிக்கு 5 அடின்னு வச்சுக்குவோம். 3 மி.மீ. இரும்புத் தகடு அந்த அளவுக்கு ஏறக்குறைய 87 கிலோ வரும். எங்க மார்க்கெட்ல தக்காளிப் பெட்டி 14 கிலோ கணக்கு. அப்போ ஆறு பெட்டி தக்காளிக்கு உண்டான இடத்தை இரும்புக்குக் குடுத்துட்டு, ஒவ்வொரு நடையும் அந்த இரும்பைச் சும்மா ஏத்திட்டுப் போய் ஏத்திட்டு வர்றோம். டீசல் அதுக்கும் சேத்து எரியுது. ஓவர் லோடுன்னு பிடிச்சா 2019ல மாத்தின சட்டப்படி அபராதம் 20,000ல ஆரம்பிக்குது. எடைமேடையில நிக்கும்போது அது தக்காளியா தகடான்னு யாரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்லை.

அலுமினியத் தகடு போடலாமேன்னு கேப்பீங்க. கனம் கம்மிதான், மூணுல ஒரு பங்கு. ஆனா இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு நடுவுல உப்புத் தண்ணி நின்னா ஒண்ணு இன்னொண்ணை அரிக்க வைக்கும். ரிவிட் அடிக்கிறதுக்காகத் தொட்டியில போடுற ஒவ்வொரு ஓட்டையும் துருவுக்கு நாமே தொறந்து விடுற வாசல்.

அடுத்தது வண்டிக் கடையிலயே தள்ளி விடுற பிளாஸ்டிக் தொட்டி. அசல் தொட்டிக்குள்ள இன்னொரு தொட்டி மாதிரி உக்காரும். எனக்கு இதுல வர்ற கோவமே வேற. வண்டி எடுக்கப் போனப்ப, பேர் வேண்டாம், ஒரு கடையில சொன்னாங்க: "லோன்லயே சேத்துறலாம் சார், மாசம் 395 ரூபாதான் கூட வரும்." 15,000 ரூபா பொருள். 12 வட்டியில 48 மாசம் கட்டினா ஏறக்குறைய 19,000. மாசக் கணக்குல சொன்னா டீக்காசு மாதிரி தெரியும், அதுக்காகத்தான் அப்பிடிச் சொல்றது. வெண்டைக்காய் விலை விழுந்த மாசம் அந்த 395ம் அதே தேதியில வந்து நிக்கும். பொருளாவது உருப்படியான்னா, அதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்கும் தகட்டுக்கும் நடுவுல மணல் போய், வண்டி குலுங்கக் குலுங்க உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி பெயிண்ட்டைத் தேய்ச்சு எடுக்கும். மேல ஈரம் பட்டா வழுக்கும்.

வழுக்குறதைச் சாதாரணமா நினைக்காதீங்க. சினை மாட்டை டாக்டர்கிட்ட ஏத்திட்டுப் போறவனுக்குத் தெரியும். வளைவுல மாடு சறுக்கிக் காலை விரிச்சுச்சுன்னா இடுப்பு போச்சு. அப்புறம் அது எந்திரிக்காது. எழுபதாயிரம் எண்பதாயிரம் ரூபா மாடு, ஒரு வீட்டோட பால் வருமானம். சாணி பட்ட செக்கர் பிளேட்டும் வழுக்கத்தான் செய்யும், அதுல இருக்கிற பூ டிசைன் மாட்டுக் குளம்புக்கு ஒண்ணும் பண்ணாது.

சரி, அப்போ என்னதான் போடுறது? பழைய கன்வேயர் பெல்ட்டுங்க. கல் குவாரி கிரஷர்ல, சிமெண்டு ஆலையில ஓடித் தேய்ஞ்சு கழிச்சுப் போடுற ரப்பர் பெல்ட். பழைய சாமான் கடையில எடைக்குக் கிடைக்கும். நான் வாங்கினது கிலோ 40 ரூபா. 6 மி.மீ. கனம், தொட்டி பூராவுக்கும் 27 கிலோ வந்துச்சு. மொத்தம் 1,080 ரூபா. ரெண்டு பெட்டி தக்காளி எடைகூட இல்லை. கல்லும் ஜல்லியும் வருசக்கணக்கா விழுந்து அடி வாங்கின சாமான், உங்க தக்காளிப் பெட்டியும் உர மூட்டையும் அதை என்ன பண்ணிரும்?

வாங்கும்போது ஓரத்தைப் பாத்து வாங்கணும். உள்ள துணி அடுக்கு இருக்கிற பெல்ட்தான் வேணும். இரும்புக் கம்பி வச்ச பெல்ட்டும் வரும், அது வேண்டவே வேண்டாம். கனம் தாங்காது, வெட்டவும் முடியாது, கம்பி வெளிய வந்து சாக்கையும் மாட்டுக் காலையும் கிழிக்கும். அகலத்துல ரெண்டு துண்டாப் போட்டுக்குங்க, அப்போதான் ஒரு ஆளே சுருட்டி இறக்க முடியும். நாலு பக்கமும் அரை அங்குலம் குறைச்சு வெட்டணும். சோப்புத் தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டினா கத்தி வெண்ணெயில போற மாதிரி போகும். ஆணி, ஸ்குரூ, பசை எதுவும் கூடாது. முன் பக்கம் ரெண்டு ஓட்டை போட்டுக் கயித்தால கொக்கியில கட்டினாப் போதும். முதல் தடவை நல்லா தேய்ச்சுக் கழுவிடுங்க, கரித்தூளும் சிமெண்டுத் தூளும் ஒட்டியிருக்கும். நெல்லு, தானியம் குமிச்சு ஏத்தும்போது மேல சுத்தமான தார்ப்பாய் விரிச்சுத்தான் ஏத்தணும், பெல்ட் மேல நேரா கொட்டக் கூடாது.

மாட்டுக் கொட்டகைக்கு விக்கிற ரப்பர் மேட்டும் நல்லதுதான். அடியில வரி இருக்கிறதால தண்ணி ஓடிரும், மாட்டுக்கு நல்ல பிடிமானம். மாடு ஏத்துறதே தொழிலா வச்சிருக்கிறவங்க அதையே போடலாம். ஆனா 15 மி.மீ. கனத்துல வாங்கினா அதுவும் 70 கிலோ பக்கம் வந்து தகட்டுக் கதைதான் ஆகும்.

பிளக்ஸ் பேனர் விரிக்கிறவங்களும் உண்டு. தேர்தல் முடிஞ்ச வாரம் எங்க ஊர்ல எல்லாத் தலைவரும் கட்சி பாக்காம எருவுக்கு அடியில படுத்திருப்பாங்க. ஒரு நடைக்குச் சரி, அப்பிடியே போட்டு வச்சா அடியில ஈரம் நிக்கும். சாக்கும் அதே கதி, நனைஞ்ச சாக்கு தகட்டு மேல கிடந்தா அதைவிட மோசம் வேற இல்லை.

செங்கல், கம்பி, கருங்கல் ஏத்துறவங்களுக்குத் தகடுதான் சரி, அதை ஒத்துக்கிறேன். அவங்க லோடு வேற. விவசாயி அவங்களைப் பாத்துப் போடுறதுதான் எனக்குப் பிடிக்கலை. "தகடு அடிக்காத வண்டியா?"ன்னு டீக்கடையில ஒருத்தர் கேட்டா போதும், மறுநாளே பட்டறைக்கு ஓடுறாங்க. கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுற புத்தி வண்டி வரைக்கும் வந்திருச்சு.

இன்னொண்ணும் கேக்கணும். லோடு ஏத்தத்தானே இந்த வண்டியைச் செய்யுறாங்க? தொட்டியில உரம் போகும், சாணி போகும்னு செய்யுறவங்களுக்குத் தெரியாதா? கார் அடிப்பாகத்துக்கு அடிக்கிற துருத் தடுப்புப் பூச்சைத் தொட்டி மடிப்புகளுக்கும் அடிச்சு, தண்ணி வடிய நாலு ஓட்டை கூட வச்சு, அதை வண்டி விலையிலயே சேத்துக் குடுக்கட்டும். அதைச் செய்யாம "காப்பு வேணும்னா தனியாக் காசு"ன்னு விக்கிறது, குடைக்குத் துணி தனியா விக்கிற கதை.

வண்டிக்கு 8 வருசம் ஆகிற வரைக்கும் எப்.சி. ரெண்டு வருசத்துக்கு ஒருதரம், அதுக்கப்புறம் வருசா வருசம். அந்த நேரத்துலதான் தொட்டி பொத்தல் விழ ஆரம்பிக்கும், கடன் முடிஞ்சு மனுசன் அப்போதான் மூச்சு விட்டிருப்பான். தரை மாத்துறதுக்கு மறுபடி பட்டறை, மறுபடி கடன். அதனால உரம் ஏத்தின அன்னைக்கு ராத்திரியே பெல்ட்டைத் தூக்கி வேலி மேல போட்டு, மோட்டார்த் தண்ணியில தொட்டியை அடிச்சுக் கழுவி, பின் கதவைத் தொறந்து மேட்டுல நிறுத்திடுங்க. கால் மணி நேர வேலை. கிணத்துத் தண்ணி உப்பா இருந்தா கடைசியா ரெண்டு குடம் நல்ல தண்ணி.

வெளியூர்ல இருந்து பொங்கலுக்கு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ சித்தப்பாவோ வண்டி வச்சிருந்தா அவங்களுக்கு வீடியோ அனுப்பாதீங்க. வரும்போது ஒரு லிட்டர் ரெட் ஆக்சைடு டின்னும் ரெண்டு கம்பி பிரஷ்ஷும் வாங்கிட்டு வாங்க. ஒரு பிரஷ் அவங்களுக்கு, இன்னொண்ணு உங்களுக்கு. மடிப்பு ஓரம் பூரா தேய்ச்சு அடிக்க ஒரு காலைநேரம் ஆகும். மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாளே முடிச்சிட்டா பெயிண்ட் காய்ஞ்சிரும், மறுநாள் மாட்டோட சேத்து வண்டிக்கும் பொட்டு வச்சிறலாம்.